கனிஷ்காவின் பொங்கல் விடுமுறை

“பசிக்கும். ஆனா அது உங்க பசி இல்லைங்கறத மட்டும் மறந்துரக் கூடாது.”

“சாப்பிட்டா அடங்கிருமில்லீங்க?”

“அதான் அடங்காதுண்ணா. உங்க வயிறு ரொம்பியிருக்கும். அது பாட்டுக்குப் பசிச்சுட்டே இருக்கும். தாங்குவீங்களா?”

“எங்க கடை பன்னையே தெனமும் திங்கறவனுங்க நானு. இதத் தாங்க மாட்டனா?”

சொல்லிவிட்டுச் சிபிச்சக்கரவர்த்தி தானே சிரித்துக்கொண்டார். குழந்தைகள் நீதிமன்ற ஊழியர் ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவள் விரல் நுனியில் பொட்டு அளவுக்கு ஒரு வெள்ளித் தகடு இருந்தது. அதை அவருடைய காதுக்குப் பின்னால் ஒட்டுவதற்கு முன், கடைசியாக ஒருமுறை அவரைக் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் வேலை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அடுத்த அறையில், அதே போன்ற தகடோடு ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

“பேரு கனிஷ்கா. ரெண்டாங்கிளாஸ்,” என்றாள் ஜெசிந்தா.

“ஏஞ்சாமி இப்படி எலும்பா இருக்குது?” என்றார் சிபி. பிறகு கொஞ்சம் யோசித்து, “இதப் படமா எடுத்து ஜட்ஜம்மாவுக்கே போட்டுக் காட்டிட்டா ஆகாதா?” என்று கேட்டார்.

“எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. படமா இருந்தா போட்டுக் காட்டலாம். ஞாபகம் படம் இல்லைண்ணா. அது ஒரு ஆளுக்குள்ள இருந்தாத்தான் ஞாபகம். வெளிய எடுத்து மெஷின்ல வச்சா வெறும் இரைச்சல்.”

அதற்காகத்தான் மடி. சட்டத்தில் அதற்கு ‘நினைவுத் துணைவர்’ என்று பெயர். குழந்தைகள் நீதிமன்றத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. “இன்னிக்கு மடி வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். முன்பெல்லாம் வீட்டில் அடிபட்ட, பட்டினி கிடந்த குழந்தை, நடந்ததைப் போலீஸ் அக்காவிடம் சொல்லும். டாக்டரிடம் சொல்லும். பிறகு நீதிபதியிடம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது மறுபடி அந்த அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது அந்த ஞாபகத்தை மட்டும் குழந்தையிடமிருந்து எடுத்து, முன்வருகிற ஒரு பெரியவரிடம் வைக்கிறார்கள். வழக்கு முடியும்வரை அவர் சுமப்பார், குழந்தைக்காகப் பேசுவார். குழந்தை நிம்மதியாகத் தூங்கும். சம்பளம் கிடையாது. மடி சொன்னால் அது குழந்தை சொன்னதற்குச் சமம்.

சிபி இதற்கு வந்து சேர்ந்ததே ஒரு கதை. மடிகள் தேவை என்கிற அறிவிப்பை அவருடைய பேக்கரிக் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போனார்கள். டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு இன்னொரு பப்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். நாளாக நாளாக அந்தக் காகிதம் தன் கடையில் தொங்குவது அவருக்கே சங்கடமாகிவிட்டது. கிழித்துவிடலாமா என்று கேட்கத்தான் அலுவலகத்துக்குப் போனார். பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

“ரெண்டே விஷயம்,” என்றாள் ஜெசிந்தா. “கோர்ட்டுக்கு வெளிய அந்தப் பொண்ணோட அம்மாவப் பாக்கக் கூடாது. கோர்ட்டுக்குள்ள பேசறப்ப அவங்க உக்காந்திருக்கற பக்கம் திரும்பக் கூடாது.”

“திரும்புனா?”

“உங்களுக்குள்ள இருக்கறது அவங்க குழந்தைண்ணா. அம்மாவப் பாத்தா அது சும்மா இருக்குமா?”

“சரி. கேஸ் முடிஞ்சதும்?”

“கரைச்சிருவோம். பாப்பாவுக்கும் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. நல்லதுதான?”

“ரொம்ப நல்லது,” என்று சிபி கண்ணை மூடிக்கொண்டார்.

*

அது வந்த விதம் அவர் நினைத்த மாதிரி இல்லை. எதுவும் கண்முன் ஓடவில்லை. திடீரென்று அவருக்கு ஒரு பச்சைக் கதவு தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பிறந்த தெரு தெரிந்திருப்பதைப் போல. கதவின் அடிப்பக்கம் பெயின்ட் உரிந்த இடம் யானை மாதிரி இருக்கும் என்பதும், அந்த யானைக்கு நல்ல குணம் என்பதும் தெரிந்திருந்தது.

பனியன் கம்பெனிகள் பொங்கலுக்கு மூடினால் திருப்பூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் வெறிச்சோடிவிடும். தெற்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் போகிக்கு முன்னாலேயே பைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடும். கனிஷ்காவின் அம்மா சௌமியாவுக்குப் போக ஊர் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் அவளை வேண்டாமென்று சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. புருஷனும் போய்விட்டான். அவளிடம் இருந்தது மாத்திரைதான். நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்க யாரோ பழக்கிவிட்ட மாத்திரை. “கடைக்குப் போயிட்டு வந்துர்றேன் தங்கம்” என்று வெளியே பூட்டிக்கொண்டு போனவள் வரவில்லை. போகி போய், பொங்கல் போய், மாட்டுப் பொங்கலும் போயிற்று.

கனிஷ்கா கத்தவில்லை. கத்தினால் வீட்டுக்காரர் வந்து அம்மாவைத் திட்டுவார். ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அது தீர்ந்ததும் பச்சரிசியைச் சர்க்கரையோடு மென்றாள். சர்க்கரை தீர்ந்ததும் டூத்பேஸ்ட். ரோஸ் நிறம், ஸ்ட்ராபெர்ரி வாசம். குடத்தில் தண்ணீர் இருந்தது. யானைக்கும் கொஞ்சம் ஊற்றினாள்.

இவ்வளவும் சிபி எதிர்பார்த்து வந்ததுதான். எதிர்பார்க்காதது கடைசியில் இருந்தது.

ஒரு காலையில் பூட்டு திறந்தது. அம்மா கதவிலேயே சரிந்து உட்கார்ந்தாள். பிறகு தவழ்ந்து வந்து அவளை அள்ளிக்கொண்டாள். கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம். உருட்டி உருட்டி ஊட்டினாள். பிறகு தன் வயிற்றின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு ஏதோ பாட்டுப் பாடினாள். வார்த்தை வரவில்லை, வெறும் ம்ம்ம் மட்டும். அது அம்மாவின் வயிற்றுக்குள்ளிருந்து மகளின் நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

அப்படி ஒரு சந்தோஷத்தைச் சிபி தன் ஐம்பத்துச் சொச்ச வயதில் அறிந்ததில்லை.

ஜெசிந்தாவிடம் மற்றதையெல்லாம் சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை.

*

“ஏனுங்க, நம்ம கடையிலயே பன்னு திருடறீங்களா?”

மனைவி கிருத்திகா துணி துவைக்கப் போட எடுத்த ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு பன் இருந்தது. தலையணைக்கடியில் ரஸ்க். ஸ்கூட்டர் பெட்டிக்குள் பொடிந்துபோன தேங்காய் பன்.

“அது நான் இல்ல கிருத்தி.”

“பின்ன? எலி சட்டை போட்டுட்டு வந்துச்சா?”

“அந்தப் புள்ள.”

அன்றிலிருந்து கிருத்திகா டூத்பேஸ்டை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலையில் பட்டாணி அளவுக்குப் பிதுக்கி அவர் பிரஷ்ஷில் வைத்து, துப்புகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். பன்களை எடுக்கவில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைத்தாள்.

“பயமா இருக்குதுங்களா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“பயமும் இருக்குது. அதுக்கப்புறம் ஒண்ணு இருக்குது பாரு... நம்ம கல்யாணத்தன்னிக்குக் கூட நான் அவ்வளவு சந்தோஷமா இல்ல.”

“கல்யாணத்தன்னிக்கு நீங்க கேக் ஆர்டர் எண்ணிட்டு இருந்தீங்க.”

மடி குழந்தையைப் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. கனிஷ்கா தங்கியிருந்த குழந்தைகள் இல்லத்துக்குச் சிபி போகும்போதெல்லாம் ஒரு டப்பா பப்ஸோடு போனார். கனிஷ்கா அவருக்குப் பன் மாமா என்று பெயர் வைத்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. தூங்குகிறாள், சண்டை போடுகிறாள் என்று இல்லத்தில் சொன்னார்கள். பள்ளியில் சத்துணவு முட்டையைப் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்து டீச்சரிடம் மாட்டியதில்தான் இந்த வழக்கே தொடங்கியது. இப்போது தன் முட்டையைத் தின்றுவிட்டுப் பக்கத்தில் இருப்பவளின் முட்டையைக் கேட்கிறாளாம்.

“என்னோடது உங்களுக்குள்ள இருக்கா மாமா?”

“இருக்குது சாமி.”

“கனமா இருக்கா?”

“சேச்சே. ஒரு பன்னு அளவு.”

அவள் நாக்கை விழுந்த பல்லின் இடைவெளியில் விட்டுப் பார்த்தாள். “எனக்கு இங்கனயும் பல்லு விழுந்த மாதிரியே இருக்கு,” என்று நெற்றியைக் காட்டினாள். “ஒண்ணு இருந்துச்சுன்னு தெரியுது. என்னன்னு தெரியல.”

சிபி அவளுக்கு இன்னொரு பப்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

*

“வாங்க சக்கரவர்த்தி, உக்காருங்க,” என்றார் நீதிபதி நிலோஃபர். குழந்தைகள் நீதிமன்றத்தில் மேடை கிடையாது, ஒரு நீள மேசைதான். சிபியின் நாற்காலி நீதிபதியைப் பார்த்து இருந்தது. சௌமியாவும் அவளுடைய வக்கீலும் அவருக்குப் பின்னால் இடதுபக்கம். ஜெசிந்தா கதவோரம் நின்றாள்.

முடிவாக வேண்டியது ஒன்றுதான். கனிஷ்கா இன்றே அம்மாவோடு போகிறாளா, அல்லது சௌமியா சிகிச்சையை முடிக்கும்வரை வேறொரு வீட்டில் வளர்கிறாளா. சௌமியா மாத்திரையை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அன்று வீட்டில் சாப்பாடு இருந்தது, அம்மா அவசரத்துக்குத்தான் வெளியே போனாள் என்பது வக்கீலின் வாதம்.

சிபி நன்றாகவே தொடங்கினார். கதவைச் சொன்னார். பூட்டின சத்தத்தைச் சொன்னார். கத்தாமல் இருந்ததற்குக் காரணத்தைச் சொன்னபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அத்தனை நாளும் குழந்தை என்ன சாப்பிட்டுச்சு?”

சிபி வாயைத் திறந்தார். அப்போது பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. அடக்கி, அடக்க முடியாமல் விக்கலோடு உடைகிற அழுகை. உலகத்தில் அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த சத்தம்.

அவர் திரும்பிவிட்டார்.

“தின்னுட்டேன்மா,” என்றார். தொப்பையும் நரைத்த மீசையுமாக எழுந்து நின்று, தன் மகள் வயதுப் பெண்ணைப் பார்த்து. “நான் தின்னுட்டேன். பக்கத்து வீட்டக்கா ஜன்னல் வழியா பிரியாணி குடுத்துச்சு. நீ அழுகாத.”

முதலில் அசைந்தது வக்கீல்.

“மேடம், மடி சொன்னா குழந்தை சொன்ன மாதிரி. சட்டத்துலயே இருக்கு. குழந்தைக்குச் சாப்பாடு கிடைச்சிருக்கு. பதிவு பண்ணிக்கணும்னு கேட்டுக்கறேன்.”

நீதிபதி சிபியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சக்கரவர்த்தி, இதானா நீங்க சொல்ல வந்தது?”

சிபிக்கு டூத்பேஸ்டின் ஸ்ட்ராபெர்ரி வாசம் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை சாயங்காலமே அந்தப் பச்சைக் கதவுக்குப் போய்விடும். ஆனால் சொன்னால் அம்மா இன்னும் அழுவாள். உள்ளே ஒரு பிடிவாதம் இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்த பன்னை இறுக்கிப் பிடித்தார்.

“பிரியாணிங்க,” என்றார் மறுபடியும். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“பொய் மேடம்.”

சொன்னது சௌமியா. வக்கீல் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு எழுந்தாள்.

“எம்பிள்ள அன்னிக்கும் இதேதான் சொன்னா. இதே வார்த்த. பொங்கலுக்கு எங்க லைன்ல ஒரு ஈ காக்கா இருக்காது மேடம். பக்கத்து வீட்டக்கா ஊருக்குப் போயி எத்தனையோ நாளாச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, சரி, பிரியாணி தின்னுருக்கான்னு நானும் நம்பிக்கிட்டேன். நம்புனாத்தான என்னால தூங்க முடியும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவ வாயில பேஸ்ட்டு வாசம் அடிச்சுச்சு. அம்புட்டுத்தான் மேடம் அவ தின்னது.”

பிறகு சிபியைப் பார்த்து, குழந்தையிடம் பேசுகிற குரலில், “போதும் தங்கம். உக்காரு,” என்றாள்.

சிபி உட்கார்ந்தார். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். பேஸ்ட், பச்சரிசி, குடத்துத் தண்ணீர். யாரும் கேட்காமலேயே எலுமிச்சைச் சோற்றையும், வார்த்தை வராத பாட்டையும் சொன்னார். ஜெசிந்தா கதவோரத்திலிருந்து அவரை முறைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கனிஷ்கா ஒரு பி.டி. டீச்சர் வீட்டில் வளர்வாள் என்று நீதிபதி சொன்னார். சௌமியா வாராவாரம் பார்க்கலாம். சிகிச்சை ஒழுங்காக முடிந்தால், வருகிற பொங்கலை ஒட்டி மறுபடி பேசலாம். மடியின் ஞாபகம் திங்கட்கிழமை கரைக்கப்படும்.

“குழந்தையும் மடியும் சேர்ந்து கேட்டா திருப்பித் தரலாம்னு ஒரு விதி இருக்கு,” என்று சேர்த்துக்கொண்டார். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எதுக்குக் கேக்கப் போறாங்க?”

வெளியே போகும்போது சௌமியா அவருடைய நாற்காலியருகே ஒரு நொடி நின்றாள். பேசக் கூடாது என்று அவளுக்கும் சொல்லியிருந்தார்கள்.

“நீங்க சாப்புட்டீங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனிஷ்கா பேக்கரிக்கு வந்தாள். பி.டி. டீச்சர் வெளியே வேப்பமர நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். கிருத்திகா கல்லாவில் இருந்தாள். கனிஷ்கா கண்ணாடிப் பெட்டியில் இருந்ததையெல்லாம் பார்வையிட்டுக் கடைசியில் ஒரு தேங்காய் பன்னைக் கேட்டு வாங்கி, மேசையில் ஏறி உட்கார்ந்து தின்றாள். ஒரு துணுக்கு விடாமல் தின்றாள். ஒளித்து வைக்கவில்லை.

“மாமா, அம்மா ஒண்ணு சொல்லுச்சு.”

“என்ன சாமி?”

“அன்னிக்கு எனக்கு எலுமிச்சச் சோறு ஊட்டுச்சாம். வயித்து மேல போட்டுக்கிட்டுப் பாட்டுப் பாடுச்சாம். நெசமா?”

“நெசந்தான்.”

“எனக்கு ஞாபகமே இல்ல.” அவள் நாக்கு பழைய இடைவெளிக்குப் போனது. அங்கே அரிசி முனை போலப் புதுப் பல் எட்டிப் பார்த்தது. “அம்மா சொல்றப்ப எனக்கு அழுகையா வந்துச்சு. அம்மாவுக்கு மட்டும் தெரியுது, எனக்குத் தெரியல. நாளைக்கு உங்களுக்கும் தெரியாதாமே?”

இந்த மாதங்களில் விடியற்காலையில், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் கொஞ்ச நேரம், சிபி நினைவில் அந்த வயிற்றின் மேல் படுத்துக்கொண்டு அந்த ம்ம்ம்-ஐக் கேட்பார். திங்கட்கிழமை காலையிலும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வைத்திருந்தார். இதைக் கிருத்திகாவிடம்கூடச் சொல்லவில்லை.

“பயந்தத நீங்களே வச்சுக்குங்க,” என்றாள் கனிஷ்கா. “கதவு தொறந்ததுக்கு அப்புறம் உள்ளத மட்டும் எனக்குக் குடுங்க.”

“அது மட்டும் வராதாம் சாமி. ஜெசியக்காகிட்டக் கேட்டுட்டேன். இந்தப் பன்னுல மாவு இருக்குது, சக்கரை இருக்குது. வெந்ததுக்கப்புறம் சக்கரைய மட்டும் திருப்பி எடுக்க முடியுமா?”

அவள் தன் கையிலிருந்த வெறும் காகிதத்தைத் தீவிரமாக ஆராய்ந்தாள். “முடியாது.”

“அந்த மாதிரிதான். குடுத்தா எல்லாமே வரும். பூட்டு, இருட்டு, யானை...”

“யானை வேற இருக்கா!”

“இருக்குது. நல்ல யானை. ஆனா பசியும் வரும் கண்ணு. ரொம்பப் பசி. அது போகவே போகாது. நீ பெரிய மனுஷியானாலும் உங்கூடவே இருக்கும். நாளைக்குக் கரைச்சுட்டா உனக்கு ஒண்ணுமே இருக்காது. நிம்மதியாத் தூங்குவ.”

கல்லாவில் கிருத்திகா சில்லறையை எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். வெளியே டீச்சர் ஹாரனை ஒருமுறை அடித்தார்.

கனிஷ்கா மேசையிலிருந்து இறங்கினாள். இறங்கியும் அவருடைய சட்டைப் பை உயரம்கூட வரவில்லை. உதட்டில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலை நாக்கால் எடுத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பசிச்சா என்ன? இப்பத்தான் நெசமாவே தின்னுட்டேன்ல?”

சர்க்கரை ஒட்டிய இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

“குடுங்க மாமா.”